சமுதாயக் கல்லூரியை எதனோடு ஒப்பிடுவது?

(தில்லியில் கல்லூரி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரை)



சமுதாயக் கல்லூரியில் பயின்றவர்கள், அதையொத்த பிற நிறுவனங்களில் பயின்றவர்களோடு ஒப்பிடும்போது எந்நிலையில் உள்ளனர் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இரண்டு தேர்ச்சி விகிதங்களை அருகருகே வைத்துவிட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றக்கூடும். ஆனால் அவ்விரு எண்களும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்பதை முதலில் ஆராய வேண்டும். அதை ஆராயாமல் செய்யப்படும் ஒப்பீடு வெறும் தாளோடு நின்றுவிடுவதில்லை. மான்யம் யாருக்கு, எந்தப் பாடப்பிரிவு நீடிக்கலாம், எதை மூடலாம் என்னும் முடிவுகள் அதைக் கொண்டே எடுக்கப்படுகின்றன.

நம் நாட்டில் இக்கல்லூரிகளின் வரலாறு நீண்டதன்று. 1995-இல் புதுவைப் பல்கலைக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றை நிறுவியது. பள்ளிப் படிப்பு முறிந்தவர்களுக்கும், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கும், பட்டப் படிப்பின் வாயிலை எட்ட முடியாதவர்களுக்கும் கைத்தொழில் திறனோடு வாழ்க்கைத் திறனையும் கற்பிப்பதே நோக்கம். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2009-இல் இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டன. 2012-இல் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2013-இல் பல்கலைக் கழக மானியக் குழுவின் மூலம், பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்கீழ், வேறோர் உருவில் அது மீண்டும் தொடங்கிற்று. நான்கே ஆண்டுகளில் தொடக்கம், நிறுத்தம், மறுதொடக்கம்! ஒரு மாணவர் படிப்பை முடித்து, வேலையில் அமர்ந்து, அதில் நிலைத்தாரா என்று பார்க்கவே அவ்வளவு காலம் வேண்டும்.

தேர்ச்சி விகிதம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஒரு வகுப்பில் நாற்பது பேர் சேர்வதாக வைத்துக்கொள்வோம். தேர்வு நாளில் இருபது பேரே வருகின்றனர். பதினெட்டுப் பேர் தேர்ச்சி பெறுகின்றனர். தேர்வெழுதியோரைக் கொண்டு கணக்கிட்டால் தேர்ச்சி 90 சதவிகிதம். சேர்ந்தோரைக் கொண்டு கணக்கிட்டால் 45 சதவிகிதம். இரண்டும் உண்மையான கணக்கே. ஒரு கல்லூரி முதல் எண்ணையும் மற்றொன்று இரண்டாவது எண்ணையும் வெளியிடுமாயின், மெய்யாக எழுதிய கல்லூரியே தாழ்ந்ததாகத் தோன்றும். வராமற்போன இருபது பேரில் சிலர் பயிற்சியின் நடுவிலேயே வேலை கிடைத்துச் சென்றிருக்கலாம். வேலைக்காகவே சேர்ந்தவர் வேலை கிடைத்துச் செல்வதைத் தோல்வி என்று பதிவேட்டில் எழுதுவது எனக்கு ஒருபோதும் பொருத்தமாகப் பட்டதில்லை.

அடுத்து, ஒத்த நிறுவனம் என்பது எது? தில்லியில் கல்லூரிகளை ஒப்பிடுவதென்றால் உடனே தேசியத் தரவரிசையை எடுத்துப் பார்க்கிறோம். 2017-இல் அதில் கல்லூரிகளுக்கென்று தனிப்பிரிவு ஏற்பட்டபோது முதலிடம் பெற்றது தில்லியின் மிராண்டா ஹவுஸ். அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் நாட்டிலேயே உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் போட்டியிட்டுச் சேரும் கல்லூரியை, பத்தாம் வகுப்போடு நின்றவரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு அளவுகோலாக வைப்பது முறையாகாது. குறித்த காலத்தில் தேர்ச்சி, வேலைவாய்ப்பு, இடைநிலை ஊதியம் ஆகியவற்றை அத்தரவரிசை கணக்கில் கொள்கிறது. ஆறு மாதச் சான்றிதழும் ஓராண்டுப் பட்டயமும் வழங்கும் நிறுவனத்துக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

நெருங்கிய உறவினர்கள் இதே நகரில் வேறு இடத்தில் உள்ளனர். 1944 முதல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் கல்லூரி சாரா மகளிர் கல்வி வாரியம் அன்றாடம் கல்லூரிக்கு வர இயலாத பெண்களுக்கு வழி செய்துவருகிறது. வார இறுதி நாள்களில் வகுப்பு நடைபெறுகிறது. 1962-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக விளங்குகிறது. பாடங்கள் வேறு, சான்றிதழ் வேறு. ஆயினும் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரம் தேடிப் படிக்கும் மாணவர் மூன்றிடத்திலும் ஒருவரே. ஒப்பிடுவதாயின் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. மாணவர் ஒரு கல்லூரியை அதன் தரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தில்லிப் பல்கலைக் கழக மாணவர்களைப் பற்றிப் பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வு இவ்வகையில் கருதத்தக்கது. பயண வழியில் தொல்லை குறைவாக இருக்குமாயின், தர வரிசையின் மேல் ஐந்தில் ஒரு பங்கில் இடம் பெற்ற கல்லூரியைக் கூட விட்டுக்கொடுத்து, கீழ்ப்பாதியில் உள்ள ஒன்றை ஏற்கவும் பெண்கள் முன்வருகின்றனர் என்று அவர் கண்டார். ஆகவே ‘தரம் குறைந்த கல்லூரிக்குத் திறன் குறைந்தவர்களே வருவர்’ என்ற நம் எண்ணம் சரியன்று. பேருந்துத் தடமும் மாணவர்களைப் பிரித்தனுப்புகிறது. 2019 அக்டோபரில் தில்லி அரசு மகளிருக்குப் பேருந்துக் கட்டணத்தை நீக்கியது. கல்வித் துறையினராகிய நாம் அதைப் போக்குவரத்துச் செய்தியாகவே படித்தோம்.

இக்கல்லூரிகளுக்குத் தாய்நாடான அமெரிக்காவும் இதே தவறுகளைச் செய்து திருத்திக்கொண்டது. அங்கு 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் கல்லூரிகள் தம் பட்டம் பெறும் விகிதத்தை வெளியிட வேண்டும் என்றது. முதன்முறையாக, முழு நேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டுமே கணக்கில் வந்தனர். ஈராண்டுப் படிப்புக்கு மூன்றாண்டுகள் தவணை. ஆனால் அங்கும் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பகுதி நேரத்தினர். இடையில் விட்டு மீண்டும் வந்தவரும் கணக்கில் இல்லை. நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் சென்றவர், சென்றது முன்னேற்றமே எனினும், பட்டம் பெற்றவராக எண்ணப்படவில்லை. பின்னரே பகுதி நேரத்தினரையும் சேர்த்து எட்டாண்டுகள் வரை பின்தொடரும் கணக்கு வந்தது.

நான் மிகவும் மதிக்கும் ஒப்பீடு நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் நடந்தது. அங்கு கல்லூரியைக் கல்லூரியோடு ஒப்பிடவில்லை. குறைந்த வருவாய்க் குடும்பத்து மாணவர் சுமார் 900 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் படித்தனர். மறு பிரிவினர் முழு நேரமாகப் படிக்க வேண்டும். அவர்களுக்குக் கட்டணக் குறைவு ஈடு செய்யப்பட்டது, பாடநூல்கள் வழங்கப்பட்டன, போக்குவரத்துச் சீட்டு தரப்பட்டது, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஒருவரும் கிடைத்தார். மூன்றாண்டு முடிவில் முதற்பிரிவில் பட்டயம் பெற்றவர் 21.8 சதவிகிதம்; இரண்டாம் பிரிவில் 40.1 சதவிகிதம். வந்தவர்கள் ஒரே தரத்தினர் என்பதால், வேறுபாடு கல்லூரி செய்ததனால் விளைந்ததே என்று துணிந்து சொல்லலாம். ஒப்பீட்டின் பயன் இதுதான்: எதைச் செய்தால் மாணவர் நிலைப்பார் என்பதை அது கூறுகிறது. யார் முதலிடம் என்னும் செய்தியால் எந்த மாணவரும் வகுப்புக்குத் திரும்பியதில்லை.

தவறான ஒப்பீட்டின் தீங்கையும் மறைக்கக் கூடாது. விகிதம் உயர வேண்டும் என்று வற்புறுத்தினால், கற்பித்தலைத் திருத்துவதைவிடச் சேர்க்கையைத் திருத்துவது எளிது. தவறக்கூடியவர் என்று தோன்றுபவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். விகிதம் உயரும், யாருக்காகக் கல்லூரி ஏற்பட்டதோ அவர் வெளியே நிற்பார்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பட்டப் படிப்பில் ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழ், ஈராண்டு முடித்தவருக்குப் பட்டயம் என்று வெளியேறும் வழிகளைத் திறந்திருக்கிறது. அதனால் இச்சிக்கல் சமுதாயக் கல்லூரிகளோடு நிற்கப் போவதில்லை. ஓராண்டில் வெளியேறுபவர் படிப்பை முடித்தவரா, இடை நின்றவரா? எல்லாக் கல்லூரிகளும் விடை சொல்ல வேண்டிவரும்.

தொடங்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சேர்ந்த முதல் நாளின் பெயர்ப் பட்டியலை மாற்றாமல் பாதுகாக்க வேண்டும். அதுவே எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. சேர்க்கைப் படிவத்தில் முந்தைய படிப்பு, வேலை, வீட்டிலிருந்து வரும் தொலைவு ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். விட்டுச் சென்றவர்களை ஆறு மாதம் கழித்தும் இரண்டாண்டு கழித்தும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஓர் எழுத்தர் போதும். எண்ணை மாற்றிவிடுவார்களே என்பீர்கள். உறவினர் ஒருவரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இவற்றோடு படிவத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: ‘இங்கு எதற்காகச் சேர்கிறீர்கள்?’ அதற்கு மாணவர் தம் கையால் எழுதும் விடையை, அவர் வெளியேறும் நாளில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.