மில் ஹாஸ்டலில் தொடங்கிய அச்சம்



தலைமுறை தாண்டும் மனக்காயத்தைப் பற்றிப் பேசக் குன்னத்தூரில் கூடியிருக்கிறோம். காயம் பட்டவர்கள் வாழும் வட்டாரத்திலேயே, அவர்கள் காதுபடப் பேச வேண்டிய பொருள் இது.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் அழைத்து வரப்பட்டார்கள். தலித் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களில் மிகுதி. பதினெட்டு நிரம்பாதவர்களும் இருந்தார்கள். மூன்றாண்டு வேலை, முடிவில் வரதட்சணை உள்ளிட்ட கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் என்பது பேச்சு. உடம்புக்கு முடியாமல் இடையில் ஊர் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. அவர்கள் தங்கிய மில் ஹாஸ்டல் வாசலைத் தனியே தாண்ட முடியாது. வீட்டுக்குப் போன் பேசினாலும் பக்கத்தில் ஆள் நிற்கும். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடைசெய்த நாட்டில், அந்த வரதட்சணையைக் காட்டியே ஒரு கூலிமுறை நடந்தது.

அந்தப் பிள்ளைகள் இன்று தாய்மார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, மில்லில் பட்டதை யாரிடமும் சொல்லாதவர்கள் அவர்களில் உண்டு. சொல்லாத துன்பம் பிள்ளை வளர்க்கும் முறையில் இறங்குகிறது. மகள் வரச் சற்றுத் தாமதமானால் தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது. ‘எதிர்த்துப் பேசாதே, தலை குனிந்து நட’ என்பதே அறிவுரையாகிறது. காரணம் தெரியாத மகளுக்கு அச்சம் மட்டும் வந்து சேர்கிறது.

அறிவியல் என்ன சொல்கிறது? யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளிடம் தெரிந்த மன வேதனையைக் கனடாவில் மனநல மருத்துவர் விவியன் ரேகாஃப் 1966-ல் எழுதினார். பின்னாளில் ரேச்சல் யெஹுடா என்ற ஆய்வாளரின் குழுவினர், தப்பியவர்கள் 32 பேரிடமும் பிள்ளைகள் 22 பேரிடமும் மரபணுவின் மேலமைந்த வேதிக்குறிகளை ஆராய்ந்தார்கள். இது சிறிய ஆய்வு. காயம் உடல்வழியாகவும் பிள்ளைகளுக்குக் கடக்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இதைக் கொண்டு எந்தத் தாயிடமும் ‘உன் ரத்தத்திலேயே ஊறிவிட்டது’ என்று நாம் சொல்லிவிடக் கூடாது. வளர்ப்பு வழியாக வந்ததை வளர்ப்பிலேயே மாற்ற முடியும்.

அதற்கு வழிகாட்டி தமிழர்களிடையே இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இலங்கை உள்நாட்டுப் போர் தனிமனிதரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைத்ததைக் கண்டார். எனவே மருத்துவமனைக்குள் நின்றுவிடாமல், ஊரில் இருப்பவர்களையே ஆற்றுப்படுத்தப் பயிற்றுவிக்கும் வழியை வலியுறுத்தினார். சமூகத்தின் சடங்குகளுக்கும் அதில் இடம் தந்தார்.

ஆனால் காயம் வேலைமுறையில் பிறந்திருக்க, ஆறுதல் மட்டும் எப்படிப் போதும்? 2022 ஏப்ரலில் தொழிற்சங்கத்துக்கும் ஆடை உற்பத்தி நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தை நான் மனநலச் செய்தியாகவே பார்க்கிறேன். பாலியல் வன்முறையைத் தடுக்க, ஆலையில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்க முடியாது என்ற உறுதியும் எழுத்தில் வந்தது. பேசினால் வேலை போகாது என்று நம்பும் தாய்தான் மகளையும் பேசவிடுவாள்.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி தர ஒரு பாடத்திட்டம் வகுப்போம். இரண்டாவது, அரசு மனநல சேவை பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. பகல் ஷிப்டில் இருப்பவருக்கும் அது கிட்டும்படி மாலைநேரப் புறநோயாளர் பிரிவைக் கேட்போம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 ஒவ்வொரு ஹாஸ்டல் சுவரிலும் இருக்கட்டும். மூன்றாவது, இன்று ஹாஸ்டல்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே கேட்க ஆள் வேண்டும். அவர்களின் மகள்களைப் பற்றி இருபது ஆண்டு கழித்து இன்னொரு கருத்தரங்கு கூடும் தேவை வரக் கூடாது.

இந்தப் பணியை இன்றே தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.