கடை விளம்பரமும் ஓவியம்தான்
(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

பொங்கல் விழா நோட்டீஸுக்குக் கையால் படம் வரைய வேண்டுமா, கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாமே என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அதனால் ஒரு பழைய கதை.

1950களில் நியூயார்க்கின் பெரிய கடைகள் பல, செய்தித்தாள் விளம்பரங்களுக்குக் கையால் வரைந்த படத்தையே விரும்பின. அழகு ஒரு காரணம். அச்சு இன்னொன்று: அன்றைய செய்தித்தாளில் புகைப்படம் புள்ளி புள்ளியாகக் கலங்கிவிடும், மைக்கோடு பளிச்சென்று விழும்.

ஆண்டி வார்ஹால் 1949இல் அந்த ஊருக்குப் போய்ப் பிழைத்தது இந்த வேலையில்தான். 1955 முதல் ஐ. மில்லர் காலணிக் கடைக்காக நியூயார்க் டைம்ஸில் வரைந்தார். மை உறிஞ்சாத தாளில் கொஞ்சம் கோடு போடுவார். காய்வதற்குள் இன்னொரு தாளை அதன்மேல் மடித்து அழுத்துவார். மறுபடி கொஞ்சம், மறுபடி அழுத்தல். நம் பிள்ளைகள் தாளை மடித்துப் பட்டாம்பூச்சி செய்வார்களே, கிட்டத்தட்ட அதே வேலை! கோடு விட்டுவிட்டு, நடுங்கினாற்போல் வரும். அந்த நடுக்கம்தான் அவர் முத்திரை. படங்களில் பல சமயம் எழுத்து எழுதியவர் அவருடைய அம்மா ஜூலியா.

1961இல் பான்விட் டெல்லர் டிபார்ட்மெண்ட் ஸ்டோரின் ஷோகேஸில், உடுப்பு மாட்டிய பொம்மைகளுக்குப் பின்னால் தம் ஓவியங்கள் ஐந்தை வைத்தார். அதில் ஒன்று சூப்பர்மேன். தெருவில் போனவர்கள் உடுப்பைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளிடமே கொடுங்கள். கோடு கோணலாக வந்தாலும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்புங்கள்.