மாத்திரையை மாற்றுமுன்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்ச் சகோதரிகளே!

கருத்தடை மாத்திரையை விட்டு வேறு முறைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்க நாண வேண்டுவதில்லை. 1921-லேயே ரகுநாத் கார்வே இந்நகரில் கருத்தடை நிலையம் திறந்தார். 1949-ல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கமும் இங்கேதான் தோன்றியது.

இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதன்று. மாற்று முறைகளுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. காப்பர்-டி 380ஏ பத்தாண்டு காக்கும், அகற்றியதும் கருத்தரிக்கலாம். ஆனால் தொடக்கத்தில் மாதவிடாய்ப் போக்கு மிகக்கூடும். சோகையுள்ளவர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தரா ஊசி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடுவது. நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதம் தாமதமாகலாம். விரைவில் மகவு வேண்டுவோர்க்கு அது பொருந்தாது.

ஒன்றை மறவாதீர்கள். புதிய முறை கைகூடுமுன் மாத்திரையை நிறுத்தினால், அந்த இடைவெளியிலேயே வேண்டாத கரு தங்கிவிடக்கூடும். உடல்நிலை கருதி உடனே நிறுத்த நேரின், ஆணுறை துணையாகட்டும். கணவருக்கும் இதில் கடமை உண்டு.

மராத்தியோ இந்தியோ சரளமாக வராவிட்டால், உட்கொள்ளும் மாத்திரை அட்டையையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அது உங்களுக்காகப் பேசும்.