வலியும் மனச்சாட்சியும்



உடம்பிலே ஓரிடத்தில் வலி தோன்றினால் அதனை நாம் பகையாகவே கருதுகிறோம். பல்வலி வந்தால் இரவெல்லாம் உறக்கம் இல்லை. காலிலே முள் தைத்தால் அடுத்த அடி எடுத்துவைக்க முடிவதில்லை. வலி என்பதே இல்லாதிருந்தால் வாழ்க்கை எவ்வளவு இனிதாக இருக்கும் என்று ஒருமுறையேனும் நினையாதவர் இரார். உள்ளத்திலும் இத்தகைய வலி ஒன்று உண்டு. செய்யத் தகாததைச் செய்துவிட்டால் உள்ளே ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு மனச்சாட்சி என்று பெயர் இட்டிருக்கிறோம். அதுவும் இல்லாதிருந்தால் நலமாயிற்றே என்று எண்ணுவாரும் உளர். இவ்விரு வலிகளையும் அருகருகே வைத்துச் சிறிது நேரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். கிறிஸ்தவ சமய உணர்விலே ஊறிய ஒரு மருத்துவர் தம் தொழிலிலே கண்ட உண்மை ஒன்றே இப்பேச்சுக்கு அடிப்படை.

அம்மருத்துவரின் பெயர் பால் பிராண்ட். அவர் ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ஆம் ஆண்டில் தமிழகத்திலே பிறந்தவர். வல்வில் ஓரியின் நாடென்று புலவர் போற்றிய கொல்லிமலையிலே அவருடைய பெற்றோர் மலைவாழ் மக்களுக்கு மருந்தும் கல்வியும் வழங்கித் தொண்டாற்றி வந்தனர். சிறுவர் பால் அம்மலைக் காடுகளிலே ஓடியாடி வளர்ந்து, ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1929-இல் தந்தை கொடிய காய்ச்சலுக்கு இரையானார். தாயாரோ தளர்ந்த முதுமையிலும் மலைமக்களை விட்டு அகலாதவராய்த் தொண்டு புரிந்து, 1974-இல், தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

தந்தையைப் போலவே தாமும் மலைநாட்டில் வீடு கட்டித் தர வேண்டும் என்று கருதிய பால், முதலில் கற்றது தச்சு வேலையும் கட்டட வேலையும் ஆகும். ஆண்டுகள் சிலவற்றை உளிக்கும் கொல்லற்றுக்கும் கொடுத்த பிறகே அவர் மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். 1946-இல், அறுவை மருத்துவராக அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக் கிடந்த நோயாளிகள் பலரை அவர் கண்டார். அவர்களுள் ஒருவருடைய கையைத் தம் கைக்குள் வைத்து, இறுகப் பிடிக்கும்படி சொன்னார். செயலற்றது என்று கருதிய அக்கை அவருடைய கையை வலிக்கும்படி இறுக்கிற்று! அந்த நொடியிலே மருத்துவர் உள்ளத்தில் ஓர் ஒளி பிறந்தது. கை முழுவதும் செத்துப்போகவில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலற்றன. முன்கையின் பெருந்தசைகளோ வலிமையோடு இருக்கின்றன. வலிமையுள்ள தசையின் நாண் ஒன்றை எடுத்து, செயலற்ற தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தினால் விரல்கள் நிமிரும் அல்லவா? 1948 முதல் வேலூரிலே இம்முறையில் கைகள் சீர்செய்யப்பட்டன. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால், நிமிர்ந்த கையோடு வீடு திரும்பியவர்களில் சிலர் வருத்தத்தோடு மீண்டும் வந்தனர். முன்பு கோணிய கையை நீட்டினால் பிச்சையாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை. தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கையைத் திருத்தினால் மட்டும் போதாது, கைக்குரிய தொழிலையும் தரவேண்டும் என்பதை மருத்துவர் உணர்ந்தார். வேலூரிலே நவஜீவ நிலையம் தோன்றிற்று. அங்கே அவர் தாம் இளமையில் கற்ற தச்சுத் தொழிலை நோயாளிகளுக்குக் கற்பித்தார். அவர்கள் மர பொம்மைகள் செய்தனர். நாசரேத்தூரிலே இயேசுநாதர் தச்சராக வாழ்ந்தார் என்று சுவிசேஷம் கூறுகிறது. பக்தி என்பது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள், உளி பிடித்துத் தொழில் கற்பித்த இம்மருத்துவரை நினைத்துப் பார்த்தல் நலம்.

இத்தொழிலகத்திலேதான் பெரும் புதிர் ஒன்று விடுபட்டது. தொழுநோய் விரல்களை அழுகச் செய்து உதிர்த்துவிடும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அப்படியானால் சீர்செய்த விரல்களும் ஒருநாள் உதிர்ந்துபோகும். செய்த வேலையெல்லாம் வீணாகும். இந்த ஐயத்தோடு இருந்த மருத்துவர், ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார். சாவி அசையவில்லை. அருகில் இருந்த சிறுவன் ஒருவன், தானும் நோயாளியே, "நான் திறக்கிறேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். இவ்வளவு வலிமை இச்சிறு கைக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்த மருத்துவர், தரையிலே இரத்தத் துளிகளைக் கண்டார். சாவியின் விளிம்பு சிறுவனுடைய விரலை எலும்பு தெரியும்படி அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை!

நம்மில் எவரும் அந்தச் சாவியை அவ்வளவு முறுக்கமாட்டோம். நம்முடைய கை வலிமையற்றது என்பதனால் அன்று. எலும்பு வரை அறுபடும் முன்னரே வலி நம்மைத் தடுத்துவிடும். அச்சிறுவனைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை. அன்றுமுதல் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட கை. பிளந்த கைப்பிடியை நாளெல்லாம் பிடித்த கை. கல் புகுந்த செருப்போடு நடந்த கால். உறங்கி எழுந்தால் விரல் குறைந்திருந்த சிலருக்குக் காரணம் என்ன என்று இரவில் காவல் இருந்து பார்த்தபோது, எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. வலி இல்லாமையால் உறங்குவோர் விழிக்கவில்லை. எலியை விரட்டப் பூனைகள் வளர்க்கப்பட்டன.

ஆகவே விரல்களை அழித்தது நோயின் நேரடித் தாக்குதல் அன்று. நோய் நரம்பை மரத்துப்போகச் செய்தது. அதன்பின் அன்றாட வாழ்க்கையின் சிறுசிறு காயங்கள், கவனிப்பாரின்றிச் சீழ் பிடித்து, விரல்களைக் குறைத்தன. இவ்வுண்மை தெரிந்த பின்னர் வழியும் தெரிந்தது. கருவிகளின் கைப்பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. மென்மையான இரப்பர்ச் செருப்புகள் உருவாயின. நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் ஏற்பட்டது. விரல்கள் பிழைத்தன.

நண்பர்களே, மனச்சாட்சியைப் பற்றி இங்கேதான் சொல்ல விரும்புகிறேன். பவுல் அடிகளார் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலே, சூட்டுக்கோலால் சுட்டு மரத்துப்போன மனச்சாட்சியைக் குறித்து எச்சரிக்கிறார். மனிதனுடைய ஒழுக்கம் பெரும்பாலும் ஒரே நாளில் ஒரு பெருங்குற்றத்தால் அழிவதில்லை. தேர்விலே அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதுகிறோம். முதன்முறை நெஞ்சு படபடக்கிறது, மூன்றாம் முறை படபடப்பதில்லை. நூலகத்து நூலின் பக்கத்தைக் கிழிக்கிறோம். சீட்டு வாங்காமல் இரயிலில் ஏறுகிறோம். வீட்டிலே தந்தையிடம் செலவுக் கணக்கை மாற்றிச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் சிறு கீறலே. ஆனால் உறுத்தல் நின்றுபோனது நலத்தின் அறிகுறி என்று நினைத்தல் பெரும் பிழை. வலிக்காத புண்ணே அஞ்சத் தக்கது. நோயாளிகள் மாலைதோறும் கைகளைச் சோதித்ததுபோல, நாள் முடிவிலே தன் செயல்களைத் தானே சோதித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கிறிஸ்தவப் பெரியோர் வற்புறுத்தியதன் பொருள் இப்போது விளங்கும்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தொழுநோயைப் பாவத்தின் அடையாளமாகப் பேசும் பழைய வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அது கிருமியால் வரும் நோய். 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் அது முற்றிலும் குணமாகிறது. நோயாளியின் கை மரத்தது அவருடைய குற்றம் அன்று. நம் உள்ளம் மரத்துப்போவதோ பெரும்பாலும் நாமே தேடிக்கொள்வது.

இதற்குச் சான்றாக ஒன்று கூறுவேன். 1966-இல் மருத்துவர் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் என்னும் ஊரிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவரும் பொறியியல் வல்லுநர்களும் செயற்கை வலி ஒன்றை உண்டாக்க முயன்றனர். கையுறையிலே அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தினர். ஆபத்து நேரும்போது ஓர் ஒலி எழும்பும்படி செய்தனர். நோயாளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிறகு உணர்வுள்ள இடத்திலே மின் அதிர்ச்சி தாக்கும்படி செய்தனர். அது பயன்பட்டது, ஆனால், கடினமான வேலையொன்றைச் செய்ய விரும்பியபோது, நோயாளிகள் விசையை அணைத்துவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் போட்டுக்கொண்டனர்! முயற்சி கைவிடப்பட்டது. நம் விருப்பப்படி அணைக்கக்கூடிய வலி நம்மைக் காப்பதில்லை என்பது மருத்துவர் கற்ற பாடம். "எல்லாரும்தானே செய்கிறார்கள்", "இந்த ஒருமுறை மட்டும்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் சொற்கள், நாம் கண்டுபிடித்த விசைகள் அல்லவா?

வலி என்பது வழிபடத் தக்கது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டா. அம்மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் துன்பத்தைப் போக்கவே உழைத்தார். வலி ஒரு தூதன். செய்தியைக் கேட்டபின் செயலில் இறங்க வேண்டும். பேதுரு, யூதாசு என்னும் சீடர் இருவரும் ஒரே இரவில் தம் குருவுக்கு இரண்டகம் செய்தவர்கள். இருவர் உள்ளமும் பின்னர்த் துடித்தது. யூதாசு அவ்வேதனையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுருவோ மனங்கசந்து அழுதார்; மீண்டும் தம் ஆண்டவரிடம் வந்தார்; மன்னிப்புப் பெற்றார்; திருச்சபையின் தூணானார். தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்தால், ஒப்புக்கொள்வதும், இயன்ற அளவு ஈடு செய்வதும், மன்னிப்பை ஏற்றுக்கொண்டு எழுந்து நடப்பதுமே கிறிஸ்தவம் காட்டும் மருந்து. புண்ணைக் கட்டாமல் நாளெல்லாம் கிளறிக்கொண்டிருப்பது பக்தி ஆகாது.

இன்னும் ஒன்று. திருச்சபையைப் பவுல் அடிகளார் ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். ஓர் உறுப்பு வருந்தும்போது மற்ற உறுப்புகளும் உடன்வருந்தும் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், அயலார் துன்பம் தன்னைத் தீண்டாத சமுதாயமே உணர்விழந்த உடல் ஆகும். தீண்டலாகாது என்று ஊர் ஒதுக்கிய தொழுநோயாளியை இயேசுநாதர் கைநீட்டித் தொட்டார். செங்கல்பட்டிலே ஒரு மருத்துவர் மற்றொரு கையைத் தம் கைக்குள் வாங்கிக்கொண்டதும் அவ்வழியிலேதான். உங்கள் வகுப்பிலும் எவரும் அருகில் அமர விரும்பாத மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். உண்பதற்கு ஒன்றும் கொண்டுவராமல் நண்பகலில் வெளியே சென்றுவிடும் மாணவி ஒருத்தி இருக்கக்கூடும். அதனைக் கண்டு உங்கள் நெஞ்சு சிறிது வலிக்குமானால், மகிழுங்கள். உங்கள் உள்ளம் உயிரோடு இருக்கிறது.

ஒருமுறை நெடும்பயணம் முடித்து இலண்டனில் தங்கிய இரவிலே, மருத்துவர் பிராண்ட் தம் குதிகாலில் உணர்வு இல்லாதிருப்பதைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று அஞ்சி இரவெல்லாம் உறங்காதிருந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியைக் குத்தினார். சுரீரென்று வலித்தது! பயணத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்ததால் நரம்பு சற்றே மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். 2003-இல் மறையும்வரை, வலியைக் கடவுளின் கொடை என்றே அவர் கூறிவந்தார்.

நாளைக் காலை உங்கள் மனச்சாட்சி எதற்காகவேனும் உங்களைக் குத்தினால், அதனை அடக்க முயலாதீர்கள். அது காட்டும் இடத்தைப் பாருங்கள்; அங்கே செய்ய வேண்டியதை அன்றே செய்துவிடுங்கள்.