ஒன்பதுகளுக்கு ஒரு விலையா?



இந்தக் கூட்டத்தின் ஒலிபெருக்கிக்குப் போவது சாதாரணச் செம்புக் கம்பி. கடைசி வரிசைத் தோழருக்கும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இதே வேலைக்கு, வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் கம்பி விற்கிறார்கள். "எங்கள் செம்பு 99.9999 சதவிகிதம் சுத்தம், பிராணவாயு நீக்கியது, ஆகவே சங்கீதம் இனிக்கும்" என்கிறது விளம்பரம்.

பணக்காரன் ஏமாந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். மெய்யான எண்ணைக் காட்டிப் பொய்யான முடிவை விற்கும் வித்தை இது. நம் வாசலுக்கும் அது வரும். ஆகவே கணக்குப் பார்ப்போம்.

செம்பை மயில்துத்தமும் கந்தகத் திராவகமும் நிறைந்த தொட்டியில், மின்சாரம் பாய்ச்சிச் சுத்தப்படுத்துகிறார்கள். அங்கே பாடுபடும் தொழிலாளி வெளியே எடுக்கும் தகடே 99.99 சதவிகிதம் சுத்தமானது. அதை உருக்கி இழுத்ததுதான் சாதாரண மின்கம்பி. உருக்கும்போது அதில் பத்தாயிரத்தில் இரண்டிலிருந்து நான்கு பங்கு பிராணவாயு சேர்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? செம்பு மின்சாரத்தைக் கடத்தும் திறனுக்கு 1913-ம் ஆண்டு சர்வதேச அளவுகோல் வகுத்தார்கள். அதில் சாதாரணக் கம்பி 100 என்றால், பிராணவாயு நீக்கியது 101. அதற்கு மேல் ஒன்பதுகளை அடுக்கினாலும் வீட்டுச் சூட்டில் கிடைக்கும் ஏற்றம் அற்பமே. செம்பு மூன்று டிகிரி சூடேறினாலே அந்த ஒரு பங்கு லாபம் பறந்துவிடும். காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே அதைவிட அதிகச் சூடு ஏறுகிறதல்லவா?

ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போக ஒன்றும் வர ஒன்றுமாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால், அதன் தடை 0.07 ஓம். அதில் நூற்றில் ஒரு பங்கு 0.0007 ஓம். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னால் இது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! தடையைக் குறைக்கக் கனமான கம்பியே போதும்.

பிராணவாயு நீக்கிய செம்பே மோசடி என்று நாம் சொல்லவில்லை. வெற்றிடக் குழாய்களுக்கு அது தேவை. ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால் சாதாரணச் செம்பு வெடித்துப்போகும்; அங்கும் அது தேவை. பொருள் மெய். சொல்லும் இடம்தான் பொய்.

2007-ம் ஆண்டு அமெரிக்காவில், போலிகளை அம்பலப்படுத்திவந்த ஜாலவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் கம்பியை, கண்ணால் பாராமல் காதால் மட்டும் கேட்டு, விலை குறைந்த கம்பியிலிருந்து பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு! கம்பெனி பின்வாங்கியது. சோதனை நடக்கவே இல்லை.

தோழர்களே, சுத்தம் பார்க்கவேண்டிய இடமும் உண்டு. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சுப் பூசி, செம்பு என்றே விற்கும் மோசடி உண்டு. செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட அது கடத்தாது. வீட்டுக்கோ பம்பு மோட்டாருக்கோ அதைப் போட்டால் கம்பி கொதிக்கும், தீப்பிடிக்கும். அங்கே போவது உழைப்பாளியின் உயிர். கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எந்தப் பொருளை எவன் விற்க வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். எதை அளந்தாய்? எதோடு ஒப்பிட்டாய்? பெயரை மறைத்துச் சோதித்தாயா? விஞ்ஞானம் விளம்பரக்காரனின் சொத்தல்ல. செம்பைச் சுத்தப்படுத்திய தொழிலாளியின் சொத்து, நம் சொத்து!