சமாரியன் கொடுத்த இரண்டு பணம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஐயா அளித்த செய்தி)



கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் கடிதத்திலும் நேரிலும் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். "நாங்கள் வாங்கிக் கொடுத்த பிக்கப் வண்டிக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லையே, அதற்குள் எஞ்சின் எப்படிக் கெட்டது?" என்பதே அந்தக் கேள்வி. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் கைப்பிடி அரிசி, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விழுந்த பணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டி வந்தது. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் சொல்லுகிறோம். அதிலிருந்து கர்த்தர் நமக்குக் கற்றுத்தரும் மூன்று காரியங்களையும் சேர்ந்து தியானிப்போம்.

பெரம்பலூர் மாவட்டத்தின் வட எல்லையில், வெள்ளாற்றின் கரையில் லப்பைக்குடிக்காடு என்ற ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை கடலூர் மாவட்டம். இஸ்லாமிய சகோதரர்கள் அதிகமாக வாழும் ஊர். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார் என்று சொல்லும் அளவுக்கு வெளிநாடு சென்றவர்கள் உண்டு. பிள்ளைகள் தூரத்தில் இருக்க, வயதான தாய்தகப்பன்மார் சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு வீட்டில் இருப்பார்கள். அகரம் சீகூர், பெண்ணகோணம், லப்பைக்குடிக்காடு, திருமாந்துறை என்று அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நமது ஊழியர்கள் மருந்தோடு போய் வருகிறார்கள்.

ஒரு சித்திரை மாதக் காலை. வண்டி லப்பைக்குடிக்காட்டை நெருங்கும்போது டிரைவர் தம்பியின் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி மாட்டுவண்டி வேகத்துக்குமேல் போகவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, எண்ணெய் ஒழுகவில்லை. தம்பி பதறாமல் வண்டியை ஓரமாக நிழலில் நிறுத்திவிட்டார்.

வண்டிக்குள் இருந்த பெட்டியில் இன்சுலின் மருந்து. திறக்காத இன்சுலினை 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கவேண்டும். வெளியே சித்திரை வெயில். பெட்டியிலிருந்த ஐஸ் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சிஸ்டர் கவலையோடு பார்த்தார். அடுத்த ஊரில் ஒரு பாட்டியம்மா காத்திருந்தார். சர்க்கரையினால் காலில் புண் வைத்து, காய்ச்சலும் கண்டிருந்த அவரை அன்று இதே வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

எதிர்த்த கடைக்காரர் பாய் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "சிஸ்டரம்மா, கவலைப்படாதீங்க. மருந்தை நம்ம கடை ஃபிரிட்ஜில வைங்க" என்று சொல்லி, குளிர்பானப் பாட்டில்களை வெளியே எடுத்து ஒரு தட்டை காலி செய்து கொடுத்தார். பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அன்றைய கிளினிக் அந்தக் கடைத் திண்ணையிலேயே நடந்தது. பாட்டியம்மாவுக்காக 108-ஐ அழைத்தோம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிச் சென்றது. காலை எடுக்கவேண்டிய நிலை வரவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மாலையில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த மெக்கானிக், "ஐயா, எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. கரி அடைத்திருக்கிறது" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். உங்களில் அநேகரிடத்திலும் இப்படிப்பட்ட டீசல் வண்டிகள் இருக்கின்றன.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்ற விதிப்படி அமைந்திருக்கவேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய ரக வண்டிகளை விற்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாலாம் படியிலிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறாம் படிக்கு நம் தேசம் ஏறியது. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் விடலாம் என்றிருந்தது 4.5 மில்லிகிராமாக இறங்கியது.

இதற்காகப் பல டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதை டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் அறைகள் அதற்குள் இருக்கின்றன. கரி அங்கே தங்கிவிடும். புகை சுத்தமாக வெளியே போகும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் ஓடும் வண்டியில் புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சங்கொஞ்சமாகக் கழியும். போதாதபோது எஞ்சின் கம்ப்யூட்டரே சற்று அதிகமாக டீசலைச் செலுத்திச் சூடேற்றி எரிக்கும். அதற்குப் பத்து, இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் தேவை.

நமது வண்டியின் வேலையோ இரண்டு கிலோமீட்டர் போவது, நிற்பது. மூன்று கிலோமீட்டர் போவது, நிற்பது. எரியத் தொடங்கும் நேரத்திலெல்லாம் நோயாளிக்காக நிறுத்தவேண்டியிருக்கும். கரி சேர்ந்துகொண்டே வந்தது. அளவு மீறியபோது, எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் அதன் பலத்தைக் குறைத்துவிட்டது. வண்டியிலும் குறையில்லை, ஓட்டியவர்மேலும் குறையில்லை. வேலை ஒருவிதம், வண்டி ஒருவிதம். சர்வீஸ் நிலையத்தில் நிறுத்தி வைத்தே கரியை எரித்தார்கள். எரியாத டீசல் இறங்கிக் கலந்திருந்ததால் எஞ்சின் ஆயிலையும் மாற்றினார்கள். வடிகட்டியை மாற்றவேண்டிய தேவை வரவில்லை. வந்திருந்தால் செலவு லட்ச ரூபாய் அளவுக்கும் போயிருக்கும். அடைப்பு ஓட்டத்தினால் வந்தது என்று சொல்லி வாரண்டியில் சேர்க்க மறுப்பதும் உண்டு என்றார்கள்.

இனி நாம் கற்றுக்கொள்ளவேண்டிய மூன்று காரியங்கள்.

முதலாவது, விளக்கு எரியும்போது கவனிக்கவேண்டும். மஞ்சள் விளக்கு கோபத்தின் அடையாளமல்ல, கிருபையின் அடையாளம். "இன்னும் காலம் இருக்கிறது, கவனி" என்று அது சொல்லுகிறது. வடிகட்டி விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தால், வண்டிக்கு வந்த கையேடு சொல்லுகிறபடி, பாதுகாப்பான சாலையில் கால்மணி நேரமோ சற்று அதிகமோ ஒரே சீரான வேகத்தில் ஓட்டவேண்டும், பாதியில் அணைக்கக்கூடாது. டேங்கில் டீசல் அடிமட்டத்தில் இருந்தால் பல வண்டிகள் கரியை எரிக்கத் தொடங்காது. எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து பலம் குறைந்துவிட்டால், மிதித்து ஓட்டாமல் ஓரமாக நிறுத்தி சர்வீஸ் நிலையத்தை அழைக்கவேண்டும். எஞ்சின் ஆயிலின் அளவு தானாகக் கூடியிருந்தால் மகிழக்கூடாது. டீசல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் குறைவாக விடும் ஆயிலையே, கையேட்டில் குறித்த ரகத்திலேயே ஊற்றவேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது.

ஆத்தும வாழ்விலும் அப்படியே. அன்றாடம் நின்று நின்று ஓடுகிற நம் வாழ்க்கையில் கசப்பும் சலிப்பும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தங்குகின்றன. புடமிடுகிறவரின் அக்கினியைப்பற்றி மல்கியா தீர்க்கதரிசி எழுதியிருக்கிறார். இடையூறில்லாமல் அவர் சமுகத்தில் அரைமணி நேரம் காத்திருப்பவன் அந்தச் சூட்டை அறிவான். வார்டில் இரவும் பகலும் உழைக்கிற நமது சிஸ்டர்களுக்கும் அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கவேண்டும் என்று இதன்பின் ஒழுங்கு செய்திருக்கிறோம். வண்டிக்கும் செய்திருக்கிறோம். வாரம் ஒருமுறை, வேலை முடிந்து திரும்பும்போது, திருமாந்துறையில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி, பெரம்பலூர்வரை நிறுத்தாமல் சீரான வேகத்தில் வந்துவிடுகிறார் டிரைவர் தம்பி. அதன்பின் அந்த விளக்கு எரியவில்லை.

இரண்டாவது, வடிகட்டியை வெட்டி எறியக்கூடாது. "ஐயா, அந்த டப்பாவை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயை ஒட்டிவிடுகிறோம், கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதிவிடுகிறோம், பிறகு தொல்லையே வராது" என்று சொன்னவர்களும் உண்டு. செலவு சொற்பம். ஆனால் அது சட்டவிரோதம். அதோடு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூன் மாதம் உறுதியாக அறிவித்தது. மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுக்கப் போகிற வண்டி, அந்த நோயாளியின் வாசலிலேயே கரியைக் கக்கலாமா? வலது கையால் மருந்தும் இடது கையால் நஞ்சும் கொடுப்பது கிறிஸ்துவின் ஊழியம் ஆகாது. தொல்லை என்று தோன்றும் சில கட்டுப்பாடுகள் பிறருடைய உயிருக்காக நம்மேல் வைக்கப்பட்டவை. அவற்றைச் சுமப்பதும் அன்பின் ஒரு பகுதி.

மூன்றாவது காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். லூக்கா சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியனை நாம் எல்லாரும் அறிவோம். அடிபட்டவனை அவன் ஏற்றிச் சென்றதைச் சொல்லுமிடத்தில் நமது தமிழ் வேதாகமம் வாகனம் என்ற வார்த்தையையே பயன்படுத்துகிறது. நாம் அந்த வாகனத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். சமாரியன் முடிக்கவில்லை. மறுநாள் புறப்படும்போது இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்தான். அந்நாட்களில் ஒரு பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. அதற்கு மேலும் செலவானால், திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்துப் போனான். வாகனம் ஒரு நாள் பயணத்துக்கு உதவியது. அடுத்த நாட்களின் கஞ்சிக்கும் எண்ணெய்க்கும் கட்டுத்துணிக்கும் உதவியது அந்த இரண்டு பணமே.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை உங்களுக்குத் தெரியும். 1900-ம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியவர். 1906 முதல் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். முதலில் மாட்டுவண்டி, பின்பு ஒரு சிறிய பியூஜோ மோட்டார் கார். அந்த மாட்டுக்கு யாரோ லாடம் கட்டினார்கள், அச்சுக்கு யாரோ மை போட்டார்கள், மோட்டாருக்கு யாரோ எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனாலும் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை.

அன்பானவர்களே, புது வண்டி வாங்க என்று கேட்டபோது நீங்கள் மனப்பூர்வமாகக் கொடுத்தீர்கள். கதவில் சபைகளின் பெயர்களை நன்றியோடு எழுதினோம். எஞ்சின் ஆயிலின்மேல் யார் பெயரை எழுதுவது? டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் யார் பெயரில் ரசீது போடுவது? கண்ணில் தெரியாத செலவுக்குக் காணிக்கை கேட்பது எந்த மிஷன் மருத்துவமனைக்கும் கடினமான காரியம். கேட்கக் கூச்சப்பட்டு, சர்வீஸைத் தள்ளிப்போட்டு, நல்ல வண்டிகள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதை நம் நாட்டு மிஷன் வளாகங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறோம். அதைவிட வருத்தமான காட்சி இல்லை.

ஆகையால் இந்த வருடம் புதிய பொருள் ஒன்றுக்காகவும் நாங்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே கொடுத்த வண்டி ஓடும்படி, மாதந்தோறும் உங்களால் இயன்ற ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று குறித்து அனுப்புங்கள் என்று கேட்கிறோம். வண்டிச் செலவின் பில்கள் யாவும் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்துப் பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். உவமையில் உதவி செய்தவன் அடிபட்டவனின் சமயத்தைச் சேர்ந்தவன் அல்ல. அன்று நமக்காகக் குளிர்பெட்டியைத் திறந்துகொடுத்த சகோதரரும் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. "எவ்வளவு கொடுக்கவேண்டும்?" என்று கேட்டதற்கு, "மருந்துக்கு வாடகை வாங்குவாங்களா?" என்று சிரித்தார். பிறன் யார் என்று அந்நாளில் நியாயசாஸ்திரி கேட்டான். லப்பைக்குடிக்காட்டுக் கடைத்தெருவில் எங்களுக்கு அதற்கு விடை கிடைத்தது. நாமும் போய் அப்படியே செய்வோமாக.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, கைகளில் எடுத்துக் கொடுத்தவர்களையும், கைகளால் உழைக்கிறவர்களையும், வழியில் நிழலும் இடமும் தந்தவர்களையும் ஆசீர்வதியும். நாங்கள் தொடங்கிய நன்மையை நடுவழியில் விட்டுவிடாதபடி எங்களைத் தாங்கியருளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.