மகாவலியைத் தொடரும் மலைப்பாதை

வீரமுனை மக்கள் புகையிரதத்தைக் காணவேண்டுமானால் வடக்கே மட்டக்களப்புக்குச் செல்லவேண்டும். 1928ஆம் ஆண்டில் அந்நகரை அடைந்த இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்கோ சம்மாந்துறைக்கோ அது வரவில்லை. ஆயினும், மலைநாட்டுப் புகையிரதப் பாதையை அதன் கடைசி நிலையமாகிய பதுளையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது, கொழும்பிலே வாழ்பவரைக் காட்டிலும் இக்கரையோரத்தவருக்கே எளிது. அம்பாறை, மகாஓயா, பிபிலை வழியாகப் பேருந்தில் மேற்கே ஏறினாற் போதும். சிந்தா யாத்திரைப் பிள்ளையாரை வணங்கும் ஊரவருக்கு யாத்திரை புதிதுமன்று. அவர்களுடைய பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பிறப்பதும் பதுளைப் பக்கத்து மலைகளிலேதான்.

பதுளைக்கு இருப்புப்பாதை வந்தது 1924இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே கொழும்பிலே தொடங்கிய வேலை அது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே ஆங்கிலேயர் பாதை போட்டனர். 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் பாதை அடைந்தது. இதற்கிடையே கோப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்துபோயின; பாதை மேலே ஏறி முடிவதற்குள் ஏற்றிச் செல்லவேண்டிய சரக்கே மாறிவிட்டது. அந்த இடத்தைத் தேயிலை நிரப்பிற்று. கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே.

பதுளையிலிருந்து புறப்படும் வண்டிக்கு முதலிலே துணையாவது பதுளு ஓயா. தெமோதரையிலே பாதை நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தில் நுழைந்து, ஒரு குன்றைச் சுற்றி ஏறி, அந்நிலையத்தை அடைகிறது. செங்குத்தாக ஏற இயலாத வண்டிக்குச் சுற்றித்தான் உயரம் கொடுக்கவேண்டும். நாற்பத்துநான்கு அடி நடந்தால் ஓர் அடி ஏறுவது என்பதே இப்பாதையின் கடுமையான ஏற்றம். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறி ஏறி, பட்டிப்பொலையிலே ஏறக்குறைய 6,200 அடி உயரத்தை அது அடைகிறது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் இதுவே.

ஒகியாவுக்கும் பட்டிப்பொலைக்கும் இடையேயுள்ள சுரங்கம் தனித்துச் சொல்லத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே சுரங்கத்தின் ஒருபுறம் வெயில், மறுபுறம் மழையும் மூடுபனியும். மேற்கு மலைகளில் மழையை உதிர்த்துவிட்டு வரும் அதே காற்றுத்தான் கிழக்குக் கரையிலே கச்சானாக வீசி வயல்களை உலர்த்துகிறது. கச்சானைத் திட்டும் உழவர் ஒருமுறையேனும் இச்சுரங்கத்தைக் கடந்து பார்க்கவேண்டும்.

நானுஓயாவுக்கு அப்பால் வண்டி இறங்கத் தொடங்குகிறது. நானுஓயா ஆறும், அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் அக்கர ஓயாவும் பிற ஓடைகளும் கலந்து கொத்மலை ஓயாவாகின்றன. தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் இடையிலே, தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால், டெவன், சென் கிளேயர் என்னும் இரண்டு நீர்வீழ்ச்சிகள் தென்படும். அகன்று விழும் சென் கிளேயரைக் காண்பதற்கென்றே பயணிகள் சன்னலோரம் இடம்பிடிப்பார்கள்.

அந்த வீழ்ச்சியின் நீர் இன்று தானாக விழுவதில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் தலவாக்கலையிலே ஆற்றை மறித்து, 150 மெகாவாற்று மின்சாரத்துக்காக நீரைச் சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. நீர்வீழ்ச்சி அழிந்துவிடும் என்று பலர் எதிர்த்ததன் பயனாக, பகல் வேளையில் ஓரளவு நீரைத் திறந்துவிடுவது என்ற ஏற்பாடு உண்டாயிற்று. மின்விளக்கு வேண்டாமென்று எவரும் சொல்வதற்கில்லை. ஆனால் நேரம் பார்த்து விழும் அருவியை அருவியென்று சொல்ல நாக்குச் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

மலையின் மறுபக்கத்திலும் இதே கதைதான். அங்கு விளைவு இன்னும் கடுமையானது. மகாவலியில் கலக்கும் உமாஓயாவின் நீரைத் தெற்கே கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பும் சுரங்கத்தைத் தோண்டியபோது, 2014இன் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. புகையிரதத்திலிருந்து காணும் மலை வெறும் காட்சியன்று. அதன் உள்ளே ஓடும் நீரை நம்பி வாழ்கிறவர்கள் அந்தச் சரிவுகளிலே இருக்கிறார்கள்.

மேலேயிருந்து வரும் நீரும் சில வேளைகளிலே கொடியதாகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன. இப்பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகையால் புறப்படுவோர், வண்டி எந்த இடம்வரை ஓடுகிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

தலவாக்கலையைக் கடந்ததும் பாதையும் கொத்மலை ஓயாவும் பிரிகின்றன. வண்டி சிங்கமலைச் சுரங்கத்தினூடே அட்டனை அடைந்து நாவலப்பிட்டிக்கு இறங்குகிறது. இங்கிருந்து பக்கத்திலே வருவது மகாவலி. பிரிந்துபோன கொத்மலை ஓயா, கம்பளைக்கு மேலே அதனுடன் கலந்துவிடும். பேராதனைவரை ஆறும் பாதையும் ஒன்றையொன்று விட்டுச் செல்வதில்லை. காலையில் பாய்ந்து தாண்டக்கூடிய ஓடையாய் இருந்தது, மாலையில் பாலம் வேண்டும் ஆறாகிவிடுகிறது.

ஊர் திரும்புவோர் பொல்காவலையில் வண்டி மாறி மட்டக்களப்புப் பாதையைப் பிடிப்பார்கள். பொலன்னறுவைக்கு அப்பால், மன்னம்பிட்டியிலே அவ்வண்டி ஒரு நீண்ட இரும்புப் பாலத்தில் ஏறுகிறது. புகையிரதமும் வீதி வாகனங்களும் நெடுங்காலம் இந்த ஒரே பாலத்தையே பகிர்ந்துகொண்டன. 2007இல்தான் வீதிக்குத் தனிப்பாலம் கிடைத்தது. கீழே, மணல் திட்டுகளுக்கிடையே கலங்கலாக, கொட்டியாரக் குடாவை நோக்கி ஓடுவது அதே மகாவலிதான்.